மூன்றெழுத்துச் சொல்லும் ஒரு மாவுக்கட்டும்

ஆஞ்சலா மிஸ் பிஸ்கட் டப்பாவைக் குலுக்கிக்கொண்டு வகுப்புக்குள் வந்தபோது, அதற்குள் பிஸ்கட்தான் இருக்கிறது என்று கடைசி பெஞ்சு வரை எல்லாரும் நம்பினார்கள். இருந்ததோ துண்டுச் சீட்டுகள்.

"ஆளுக்கு ஒண்ணு எடுங்க. ஒரு இங்கிலீஷ் வார்த்தை இருக்கும். அதை எங்கெங்கே, எப்படியெப்படிச் சொல்றாங்கன்னு தேடிப் பாருங்க. கிறிஸ்மஸ் லீவுக்கு முந்தின நாள் ஒவ்வொருத்தரா வந்து பேசணும்," என்றார் மிஸ்.

லாயிட்டுக்கு 'ஸ்டார்' வந்தது. வானத்து நட்சத்திரம், சினிமா நட்சத்திரம், வாசலில் கட்டும் காகித நட்சத்திரம் என்று அவன் அப்போதே ஆரம்பித்துவிட்டான். கேரல் தன் சீட்டைப் பிரித்தாள். 'செட்' என்று இருந்தது. எஸ், ஈ, டி. அவ்வளவுதான். மூன்றே எழுத்து.

"மிஸ், வேற எடுத்துக்கவா? இது ரொம்பச் சின்னதா இருக்கு."

"சின்னதா? தேடிப் பாரு," என்று சொல்லிவிட்டு மிஸ் அடுத்த பெஞ்சுக்குப் போய்விட்டார். அவர் உதட்டோரம் ஒரு சிரிப்பு இருந்தது. கேரலுக்கு அது கொஞ்சமும் பிடிக்கவில்லை.

மர்பி டவுனில் கேரலின் வீடு ஒரு குறுகலான சந்தில் இருக்கிறது. ஒரு வீட்டில் மீன் பொரித்தால் சந்து முழுவதும் பசிக்கும். டிசம்பர் வந்துவிட்டால் இந்தப் பக்கத்து வாசலிலிருந்து அந்தப் பக்கத்து வாசலுக்குக் கம்பி இழுத்து, காகித நட்சத்திரங்களைத் தொங்கவிடுவார்கள். அப்படி ஒரு நட்சத்திரத்தைத் தொங்கவிடப் போய்த்தான் கேரலின் தம்பி நீல் இடது கையை உடைத்துக்கொண்டான்.

நீல் நாலாம் வகுப்பு. பக்கத்திலேயே ஏணி இருந்தது. ஆனால் அவன் ஒரு ஸ்டூலின் மேல் இன்னொரு ஸ்டூலைப் போட்டு ஏறினான். மேல் ஸ்டூல் சாய்ந்தது, நீலும் சாய்ந்தான். நட்சத்திரத்துக்கு மட்டும் ஒன்றும் ஆகவில்லை.

ஆஸ்பத்திரியில் எலும்பைச் சேர்த்து வைத்து, முழங்கைக்கு மேல் வரை மாவுக்கட்டுப் போட்டு அனுப்பினார்கள். ஜனவரியில்தான் பிரிப்போம் என்று சொல்லிவிட்டார்கள்.

சீட்டு எடுத்த அன்று கேரல் பள்ளியிலிருந்து வந்தபோது நீல் கட்டிலில் உட்கார்ந்து, மாவுக்கட்டுக்குள் ஸ்கேலை விட்டுச் சொறிந்துகொண்டிருந்தான்.

"டேய், உள்ள எதையும் விடக் கூடாதுன்னு டாக்டர் சொன்னாங்க இல்ல?"

"அரிக்குதுக்கா. உள்ள ஒண்ணுமே நடக்கல. சும்மா அரிச்சுக்கிட்டு இருக்கு."

"ஒண்ணும் நடக்கலன்னு உனக்கு எப்படித் தெரியும்?"

"டாக்டர் எலும்பைச் சேர்த்து வச்சாச்சு. வேலை முடிஞ்சிடுச்சு. அப்புறம் இது எதுக்கு?"

இப்படிச் சொல்லிவிட்டு, வாசலை ஒருமுறை பார்த்துக்கொண்டு, தலையணையைத் தூக்கிக் காட்டினான். அடியில் ஒரு பெரிய கத்தரிக்கோல் இருந்தது. எதிர்வீட்டு ஓஸ்வால்ட் அங்கிள் கிறிஸ்மஸ் குடிலுக்குத் தகரம் வெட்டுவாரே, அந்தக் கத்தரி.

"சனிக்கிழமை மம்மி பாட்டு பிராக்டிசுக்குக் கோயிலுக்குப் போவாங்க. அப்ப வெட்டிடுவேன்."

கேரல் தலையணையைத் திரும்ப அமுக்கி மூடினாள். "பைத்தியமா உனக்கு? எதுக்குடா?"

நீல் சுவரைப் பார்த்தான். பிறகு மெதுவாகச் சொன்னான். "சனிக்கிழமை சாயங்காலம் ரவுண்ட்ஸ் ஆரம்பிக்குது. பாங்கோ உன் கிளாஸ் லாயிட் வாசிப்பான்னு ஓஸ்வால்ட் அங்கிள் சொல்லிட்டார்."

இங்கே ரவுண்ட்ஸ் என்றால் என்ன என்று சொல்லியாக வேண்டும். கிறிஸ்மஸுக்கு முன்னால் கோயில் பிள்ளைகள் கூட்டமாக வீடு வீடாகப் போய்ப் பாடுவார்கள். அந்தப் பாட்டுகளுக்குக் கேரல் என்று பெயர். அதனால் வருடா வருடம் "கேரல் வந்தாச்சா? அப்ப கேரல் பாடலாம்" என்று யாராவது சொல்வார்கள், கேரலும் வருடா வருடம் முறைப்பாள். ஓஸ்வால்ட் அங்கிள்தான் சிவப்பு அங்கியும் பஞ்சுத் தாடியுமாகக் கிறிஸ்மஸ் தாத்தா. போன வருடம் நீல்தான் பாங்கோ வாசித்தான். பாங்கோ என்பது ஒட்டிப் பிறந்த இரண்டு குட்டி மேளம். அதைத் தொடைகளுக்கு நடுவே இடுக்கிக்கொண்டு அவன் வாசித்தபோது, கோபக்கார வீட்டுக்காரர்கள்கூடக் காலால் தாளம் போட்டார்கள்.

"லாயிட்டுக்குத் தாளமே வராதுக்கா. பாட்டு ஒரு பக்கம் போகும், இவன் ஒரு பக்கம் போவான்," என்றான் நீல். அவன் கண்கள் நிறைந்துவிட்டன. "அடுத்த வருஷமும் அவனையே வாசிக்கச் சொல்லிட்டா? மம்மிகிட்ட மட்டும் சொன்னே, அப்புறம் உன்கூட நான் பேசவே மாட்டேன்."

கேரல் யோசித்தாள். மம்மியிடம் சொன்னால் மம்மி கத்தரியை ஒளித்து வைப்பாள். ஆனால் நீலை அவளுக்குத் தெரியும். கத்தரியை ஒளித்தால் அவன் கத்தியைத் தேடுவான். கத்தியை ஒளித்தால் கட்டைத் தண்ணீரில் ஊறப்போடுவான். அவனே வேண்டாம் என்று விட்டால்தான் உண்டு. அதற்குச் சனிக்கிழமை வரைதான் நேரம்.

அந்தக் கவலையோடுதான் அவள் தன் சொல்லைத் தேட ஆரம்பித்தாள். தேடவே வேண்டியிருக்கவில்லை. அதுவாக வந்து மாட்டியது.

அன்று இரவுச் சாப்பாட்டுக்கு டாடி ஓட்டலிலிருந்து செட் தோசை வாங்கி வந்தார். ஒன்றின் மேல் ஒன்றாக மெத்தை போட்டதுபோல் மூன்று தோசை. சாப்பிட்டுக்கொண்டே, "இந்தப் புது ஷிப்ட் எனக்குச் செட்டே ஆகல மௌரீன்," என்று மம்மியிடம் புலம்பினார். மறுநாள் காலை ஓஸ்வால்ட் அங்கிள் பல் செட்டைக் காணோம் என்று வீட்டையே கவிழ்த்துத் தேடி, கடைசியில் தன் வாயிலேயே கண்டுபிடித்தார். கோயில் வாசலில் மைக் செட் வந்து இறங்கியது. பக்கத்து வீட்டு அக்கா மம்மியிடம் நெக்லஸ் செட் இரவல் கேட்டாள். டிவியில் ஒரு நடிகர், செட் போட்டுத்தான் அந்தத் தெருவை எடுத்தோம் என்றார்.

தினமும் காதில் விழுந்த சொல்தான். இதுவரை அது ஒரு சொல் என்றே கேரலுக்குத் தோன்றியதில்லை.

வியாழக்கிழமை பள்ளி நூலகத்தில் இருப்பதிலேயே தடியான அகராதியை எடுத்தாள். தூக்க முடியாமல் தூக்கி மேஜையில் வைத்து, தன் சொல்லைக் கண்டுபிடித்தாள். ஒரு வரி இருக்கும், மிஞ்சிப்போனால் நாலு வரி இருக்கும் என்று நினைத்திருந்தாள். பக்கம் முழுவதும் இருந்தது. திருப்பினாள். அந்தப் பக்கமும் அதே சொல். இன்னொரு பக்கம் திருப்பினாள். அங்கேயும் அது முடியவில்லை.

இரண்டு பக்கம் சேர்ந்து ஒட்டிக்கொண்டதோ என்று விரலால் பிரித்துப் பார்த்தாள். ஒட்டவில்லை. சொல்தான் அவ்வளவு நீளமாகப் போய்க்கொண்டிருந்தது. 'எலெக்ட்ரிசிட்டி' எவ்வளவு இருக்கிறது என்று எடுத்துப் பார்த்தாள். ஒரு விரல் அகலம் இருந்தது. அவ்வளவு பெரிய சொல்லுக்கு இவ்வளவு சின்ன வீடு. இந்தப் பொடிச் சொல்லுக்கு ஓர் அரண்மனை.

விரலை வைத்து வாசித்துக்கொண்டே போனாள். மேஜையில் தட்டுகளை எடுத்து வைப்பது அது. கடிகாரத்தில் அலாரம் வைப்பது அது. சூரியன் மறைவதும் அதுதான். ஜெல்லி உறைவதும், சிமெண்ட் இறுகுவதும் அதுதான். கொஞ்சம் தள்ளி, எலும்பு என்ற சொல் வந்தது. கேரல் நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

அங்கே எலும்பு இரண்டு இடத்தில் இருந்தது. உடைந்த எலும்பை டாக்டர் சேர்த்து வைப்பது ஓரிடத்தில். அது டாக்டரின் வேலை. அப்புறம் அந்த எலும்பு தானாகவே கூடி இறுகுவது இன்னோரிடத்தில். அது எலும்பின் வேலை. டாக்டர் வீட்டுக்குப் போன பிறகு, எல்லாரும் தூங்கிய பிறகு, யாரும் பார்க்காதபோது நடக்கிற வேலை.

நீலுக்கு முதல் வேலை மட்டும்தான் தெரியும். இரண்டாவது வேலை ஒன்று நடக்கிறது என்றே அவனுக்குத் தெரியாது. அகராதியைக் காட்டிச் சொன்னால் கேட்கிற ஆளா அவன்? ஜெல்லி என்ற சொல்லின் மேல் விரலை வைத்தபடி கேரல் கொஞ்ச நேரம் இருந்தாள்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் மம்மி கடல்பாசி காய்ச்சினாள். ரவுண்ட்ஸ் பிள்ளைகள் வந்தால் கொடுக்க ஒவ்வொரு வீட்டிலும் ஏதாவது செய்வார்கள். இந்த வீட்டில் எப்போதும் கடல்பாசிதான், ஆறினால் ஜெல்லிபோல் உறைந்துவிடும். பால், சர்க்கரை, ரோஸ் எசன்ஸ் எல்லாம் சேர்ந்து பாத்திரத்தில் இளஞ்சிவப்பாக ஆவி பறந்தது.

"மம்மி, எங்களுக்கு ரெண்டு கிண்ணத்துல ஊத்திக் குடு. ஆளுக்கு ஒண்ணு."

"சூடு பாத்து எடுத்துட்டுப் போ."

கேரல் இரண்டு கிண்ணத்தையும் நீலின் முன்னால் வைத்தாள். "இது உன்னது. இதுக்குள்ள என்ன நடக்குதுன்னு நீ தொட்டுத் தொட்டுப் பாக்கலாம். இது என்னது. இதை நான் தொடவே மாட்டேன்."

"எதுக்கு?"

"சும்மா ஒரு பந்தயம்."

பந்தயம் என்றால் நீலுக்குப் போதும். அவன் ஸ்பூனை எடுத்தான். கொஞ்ச நேரத்துக்கு ஒருமுறை கிண்டினான். ஓரத்தைத் தட்டினான். நடுவில் குத்தினான். ஸ்பூனைச் சப்பிவிட்டு, "இன்னும் தண்ணியாத்தான் இருக்கு. உள்ள ஒண்ணுமே நடக்கல," என்று அறிவித்தான். கேரல் தன் கைகள் இரண்டையும் தொடைக்கு அடியில் வைத்து உட்கார்ந்திருந்தாள். தொடாமல் இருப்பது எவ்வளவு கஷ்டமான வேலை என்று அப்போதுதான் அவளுக்குத் தெரிந்தது.

மம்மி பூண்டு உரித்து, ரசம் வைத்து இறக்கினாள்.

"இப்போ பாக்கலாம்," என்றாள் கேரல்.

நீலின் கிண்ணத்தில் கட்டி கட்டியாக, தண்ணீர் விட்டுக்கொண்டு, உடைந்த முட்டைபோல் ஏதோ கிடந்தது. கேரல் தன் கிண்ணத்தின் மேல் ஒரு தட்டை மூடி, அப்படியே கவிழ்த்தாள். கிண்ணத்தை மெதுவாக எடுத்தாள்.

கடல்பாசி நின்றது. கிண்ணத்தின் அடியில் பொறித்திருந்த பூகூட அதன் தலையில் அப்படியே பதிந்திருந்தது. தட்டை லேசாக அசைத்தாள். முழுசாக ஒரு நடுக்கம் நடுங்கி, திரும்ப அசையாமல் நின்றது.

நீல் குனிந்து, கன்னம் தட்டில் படும் அளவுக்குக் கிட்டே போய்ப் பார்த்தான்.

"நீ ஒண்ணுமே பண்ணலயா?"

"ஒண்ணுமே பண்ணல."

"ஃப்ரிட்ஜுல கூட வைக்கல."

"நீதான் பாத்துக்கிட்டு இருந்தியே."

நீல் தன் மாவுக்கட்டைப் பார்த்தான். பிறகு தட்டைப் பார்த்தான். "எலும்பு கடல்பாசி இல்லையே," என்றான். ஆனால் குரலில் முன்பிருந்த தெம்பு இல்லை.

"இல்லதான். எலும்பு இன்னும் ரொம்ப மெதுவா. ரசம் வைக்கிற நேரத்துல ஆகிறதையே நீ குத்திக் குத்தி இப்படிப் பண்ணிட்டே. எலும்பையும் இப்படிப் பண்ணிட்டா என்னடா பண்றது?"

நீல் கையை மெல்ல மார்போடு சேர்த்துக்கொண்டான். சந்தில் யாரோ நட்சத்திர விளக்கைப் போட்டார்கள். ஜன்னல் வழியே சிவப்பு வெளிச்சம் வந்து அவன் மாவுக்கட்டின் மேல் விழுந்தது.

"சரி, வெட்டல," என்றான். உடனே முகம் சுருங்கியது. "ஆனா பாங்கோ போச்சு இல்ல?"

கேரலுக்குச் சுருக்கென்றது. கடல்பாசியைக் காட்டிவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று நினைத்திருந்தாள். இவன் அழுதது அரிப்புக்காகவா? பாங்கோவுக்காகத்தானே.

அவள் அலமாரிக்கு மேலிருந்து பாங்கோவை இறக்கித் தூசி தட்டினாள். ஸ்டூலில் வைத்து, தம்பியின் இடது பக்கம் உட்கார்ந்தாள்.

"உன் வலது கை சும்மாதானே இருக்கு?"

"பாங்கோக்கு ரெண்டு கை வேணும்."

"இந்தா," என்று தன் இடது கையை அந்தப் பக்கத்து மேளத்தின் மேல் வைத்தாள். "இது உன் கைன்னு நெனச்சுக்கோ. எப்போ அடிக்கணும்னு நீ சொல்லு."

நீல் சிரித்துவிட்டான். பிறகு ஆரம்பித்தார்கள். முதலில் படாத பாடு பட்டார்கள். நீல் தட்டும்போது கேரலும் தட்டினாள். நீல் நிறுத்தும்போது கேரல் மட்டும் தட்டினாள். "அக்கா, நீ லாயிட்டையும் மிஞ்சிட்டே," என்று அவன் தலையில் அடித்துக்கொள்ளப் பார்த்தான், மாவுக்கட்டு இடித்தது. எதிர்வீட்டிலிருந்து ஓஸ்வால்ட் அங்கிள், "அங்க என்னா, கதவு ரிப்பேரா?" என்று குரல் கொடுத்தார். தூங்கப் போகும் நேரத்தில், எங்கிருந்தோ ஒரு தாளம் வந்து இரண்டு கைகளுக்கும் நடுவில் உட்கார்ந்துகொண்டது. அதை அவர்கள் கூப்பிடவில்லை. வந்ததும் இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ஆனால் நிறுத்தவில்லை.

மறுநாள் காலை நீல் கத்தரியைக் கொண்டுபோய் ஓஸ்வால்ட் அங்கிளிடம் கொடுத்தான்.

"இது எப்படிடா உங்கிட்ட வந்துச்சு? எதையாவது வெட்டினியா?"

"இல்ல அங்கிள். வெட்டல," என்றான் நீல். அது முழு உண்மை.

லாயிட்டிடம் எப்படிச் சொல்வது என்று கேரல் பயந்துகொண்டே இருந்தாள். பாங்கோவை அவர்கள் வாசிப்பதைக் கேட்டதும் லாயிட் பெருமூச்சு விட்டு, "அப்பாடா. எனக்கு அது செட்டே ஆகல," என்று பாங்கோவுக்குப் பதில் மணியை எடுத்துக்கொண்டான். கேரல் உள்ளுக்குள் சிரித்துக்கொண்டாள். சாயங்காலம் மூன்று கைகளோடும் ஒரு மாவுக்கட்டோடும் பாங்கோ சந்து சந்தாகப் போனது. கோபக்கார வீட்டுக்காரர்கள் இந்த வருடமும் காலால் தாளம் போட்டார்கள்.

அடுத்த வியாழக்கிழமை ஆஸ்பத்திரியில் நீலின் கையை மறுபடி எக்ஸ்ரே எடுத்தார்கள். மம்மியோடு கேரலும் போயிருந்தாள். டாக்டர் மமதா பழைய படத்தையும் புதிய படத்தையும் வெளிச்சப் பெட்டியில் பக்கத்தில் பக்கத்தில் மாட்டினார்.

"நோடு மரி, இங்கே பாரு," என்று நீலைக் கிட்டே கூப்பிட்டார். அவர் கன்னடமும் தமிழும் கலந்துதான் பேசுவார். "இது நீ விழுந்த அன்னிக்கு எடுத்தது."

பழைய படத்தில் வெள்ளை எலும்பின் குறுக்கே ஒரு கறுப்புக் கோடு ஓடியது. பார்த்ததும் கேரலுக்குத் தன் கையே வலித்தது.

"இது இன்னிக்கு."

புதிய படத்தில் அந்தக் கோட்டைத் தேட வேண்டியிருந்தது. அதைச் சுற்றிலும் வெண்மையாக, மேகம்போல், ஏதோ திரண்டிருந்தது.

"அது என்ன டாக்டர்?" என்று கேட்டான் நீல். குரல் தானாகவே கிசுகிசுப்பாகிவிட்டது.

"புது எலும்பு. நீயே செஞ்சது. இன்னும் கெட்டியாகணும். அதுவரைக்கும் ஆட்ட பேடா, ஆட்டக் கூடாது. நல்லா செட் ஆகிட்டு இருக்கு."

கேரல் டாக்டரைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு அந்த மேகத்தைப் பார்த்தாள். போன வெள்ளிக்கிழமை இரவு அவர்கள் கடல்பாசி தின்றபோதும், பாங்கோ வாசித்தபோதும், நீல் வாயைப் பிளந்து தூங்கியபோதும் அது அங்கே வளர்ந்துகொண்டே இருந்திருக்கிறது. ஒரு சத்தம் போடவில்லை. யாரையும் உதவிக்குக் கூப்பிடவில்லை.

"நான் வெட்டியிருந்தா?" என்று நீல் அவள் காதில் கேட்டான்.

கேரல் அவன் வலது கையைப் பிடித்துக்கொண்டாள்.

திரும்பும்போது பஸ் அல்சூர் ஏரிப் பக்கமாக வந்தது. மரங்களுக்குப் பின்னால் சூரியன் இறங்கிக்கொண்டிருந்தது. தண்ணீர் முழுவதும் ஆரஞ்சு நிறம். அதற்கும் அதே சொல்தான் என்பது கேரலுக்கு நினைவு வந்தது. அவ்வளவு பெரிய சூரியனும் தம்பியின் கைக்குள் இருக்கும் ஒரு துளி எலும்பும் மூன்றெழுத்துக்குள் எப்படி அடங்கியிருக்கின்றன என்று யோசித்தாள். விடை கிடைக்கவில்லை. கிடைக்காததும் நன்றாகத்தான் இருந்தது.

வெள்ளிக்கிழமை அவள் முறை வந்தது. செட் தோசையில் ஆரம்பித்தாள். வகுப்புக்கு நாக்கில் எச்சில் ஊறியது. ஓஸ்வால்ட் அங்கிளின் பல் செட்டைச் சொன்னபோது மிஸ்ஸே சிரித்தார். பிறகு இரண்டு எக்ஸ்ரே படங்களையும் எடுத்து, வெயில் விழும் ஜன்னல் கண்ணாடியில் வைத்துப் பிடித்தாள்.

"இது உடைஞ்ச அன்னிக்கு. இது நேத்து. நடுவுல யாரும் எதுவும் பண்ணல. தொடாம இருந்தோம். அவ்வளவுதான்."

பெஞ்சுகள் நகரும் சத்தம் கேட்டது. ஒவ்வொருவராக எழுந்து ஜன்னலுக்கு வந்தார்கள். லாயிட் தன் முழங்கையைத் தானே தடவிப் பார்த்துக்கொண்டான். ஆஞ்சலா மிஸ்ஸும் மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார்.

"கேரல், இது சின்ன வார்த்தைதானே?" என்றார்.

"இல்ல மிஸ்," என்றாள் கேரல். "இன்னும் பாதிகூட நான் படிச்சு முடிக்கல."

ஜனவரியில் மாவுக்கட்டைப் பிரித்தார்கள். உள்ளிருந்து வந்த கை வெளுத்து, மெலிந்து, வேறு யாருடையதோ போல் இருந்தது. நீல் விரல்களை ஒவ்வொன்றாக மடக்கி நீட்டிப் பார்த்தான். எல்லாம் வேலை செய்தன. வீட்டுக்கு வந்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல் பாங்கோவை எடுத்து ஸ்டூலில் வைத்தான்.

இனி அவனுக்கு இரண்டு கை இருக்கிறது. கேரல் அடுப்படிப் பக்கம் போகத் திரும்பினாள்.

"அக்கா, எங்க போறே?" என்றான் நீல். அவன் கட்டிலில் வலது ஓரமாக நகர்ந்து உட்கார்ந்திருந்தான். இடது பக்கத்தில் ஒரு ஆள் உட்காரும் அளவுக்கு இடம் விட்டிருந்தான்.